முழுகிப்போட்டு வந்தவர்

எங்கள் பில்டிங்கில் அரைவாசிச் சனத்துக்கு ஒரே ஃபமிலி டொக்டர்தான். ஸ்காபரோவில், பிளாசாவின் மூலையில், இறைச்சிக்கடைக்குப் பக்கத்துக் கதவு. தொண்ணூற்றாறாம் ஆண்டு கார்த்திகை மாதம், சம்பளம் கூட, சினோ கொட்டுகிற குளிர் இல்லை என்று அந்த மனுசன் டெக்சஸுக்குப் போய்விட்டார். போகட்டும், நல்லாயிருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் எந்தக் கிளினிக்கில் போய் நின்றாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெட்டை தலை நிமிராமலே ஒரே பாட்டைப் பாடினாள்: புது ஆட்களை எடுக்கிறதில்லை. தமிழ் டொக்டரிடமும் அதே பாட்டு, சீன டொக்டரிடமும் அதே பாட்டு. நோய், வருத்தம் வந்தவன் தெருத்தெருவாய்க் கதவு தட்டித் திரிந்தான்.

அப்படித் திரிந்தவர்களில் ஒருவன் இக்னேசியஸ். ஊர்காவற்றுறைக்காரன், நாற்பது வயது ஆகவில்லை. எனக்கு மேல்மாடியில் குடியிருந்தான். பாண் சுடுகிற பேக்டரியில் என்னோடு ஒரே லைனில் வேலை. அவன் போரணை அடுப்பு வாயில் நின்று தட்டுகளை இழுப்பான், நான் ராக்கையில் அடுக்குவேன். வெளியே மூக்கு விறைக்கிற குளிர், உள்ளே உடம்பெல்லாம் அவிகிற சூடு. அந்தத் தட்டுகளை எட்டு மணித்தியாலம் இழுத்தால் யானைக்கும் நாரி பிடிக்கும். அந்த இடுப்பு நோவுக்கு மருந்துக்கடையில் சும்மா விற்கிற குளிசையை வாங்கிக் கச்சான் கடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். சோறு இறங்கினால் வயிறு எரியும். அதற்கு இன்னொரு குளிசை.

சாப்பாட்டு நேரம் அவன் பெட்டியைத் திறந்தால் புட்டும் கணவாய்க் கறியும் அப்படியே இருக்கும். எனக்குத் தள்ளிவிடுவான்.

"ஏனடாப்பா, மனுசி காலமை எழும்பிச் சமைச்சுத் தாறா, நீ எனக்குத் தாறாய். வயிறு எப்பிடி?"

"பரவாயில்லை அண்ணை. கொஞ்சம் எரியுது."

"உந்தப் பரவாயில்லையை விட்டிட்டு ஒருத்தனிட்டக் காட்டு."

"காட்டினனான் அண்ணை. பிளாசாவில ஆரும் போய்க் காட்டக்கூடிய வோக்கின் கிளினிக் இருக்கெல்லோ, அங்க போனனான். சுண்ணாம்புக் குளிசை தந்திட்டு, ஃபமிலி டொக்டரைப் போய்ப் பாக்கட்டாம். அந்த ஆளைத்தானே நானும் தேடித் திரியிறன் எண்டன். அவருக்கு விளங்கேல்ல." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

இக்னேசியஸ் அப்படித்தான். யாருக்கும் கரைச்சல் கொடுக்கத் தெரியாத சாதி. சூப்பர்வைசர் காலை மிதித்தாலும் இவன்தான் சொறி சொல்லி மன்னிப்புக் கேட்பான்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் அவன் வேலைக்கு வரவில்லை. நான் ஓவர்டைமில் நின்றேன். அன்றைக்கு நடந்ததைப் பிறகு அவன் மனுசி அருள்நாயகி என் மனுசி புனிதவதிக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

காலையில் வயிற்றைப் பிரட்டி வாயால் சத்தி எடுத்திருக்கிறான். கறுப்பாய், கோப்பி வண்டல் மாதிரி. சேட்டிலும் கம்பளத்திலும் சிந்திவிட்டது. மனுசன் வெயர்த்துக் கொட்டச் சுவரைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

"எமெர்ஜென்சிக்குப் போவம் அருள்" என்றானாம். அவன் வாயால் அப்படி வருவதென்றால் வருத்தம் எந்தளவுக்கு இருந்திருக்கவேண்டும்!

"அம்புலன்ஸுக்கு அடிக்கட்டே?"

"வேண்டாம். சைரன் அடிச்சா பில்டிங் முழுக்க எட்டிப் பாக்கும். பஸ்ஸில போவம்."

அருள்நாயகி வேலையில் இறங்கினாள். முதலில் கம்பளத்தைப் பிளீச் போட்டு உரஞ்சினாள். சத்தி பட்ட சேட்டைக் கழற்றி அலசினாள். பிறகு குளியலறைத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைத்து மனுசனைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினாள். கண்ட கோலத்தில் டொக்டருக்கு முன்னால் போய் நிற்கிறதா? எங்கள் சனத்தில் யாரும் அப்படிப் போவதில்லை. பல் பிடுங்கப் போனாலும் முழுகி, தலை இழுத்து, பெட்டியின் அடியில் கிடக்கிற நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் போவோம். டொக்டர் தொடுகிற உடம்பல்லவா! புனிதவதியும் அப்படித்தான், நானும் அப்படித்தான். வெள்ளைக்காரன் பைஜாமாவோடு ஆஸ்பத்திரிக்கு வருவதைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருக்கிறோம்.

அருள்நாயகி இளஞ்சூட்டுத் தண்ணீர் அள்ளி வார்த்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, முகம் வழித்து, துவாயால் துடைத்துவிட்டாள். ஞாயிறு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுவிட்டாள். முகம் திரும்பவும் வெயர்க்க, பவுடரை ஒற்றினாள். கைலேஞ்சியில் ஓடிக்கொலோன் விட்டுப் பொக்கற்றில் வைத்தாள். மகள் நடாஷாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளைப் புனிதவதியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

"பஸ்ஸுக்குள்ள அவரின்ரை ஈரத் தலைமயிர் விறைச்சுப்போச்சு அக்கா" என்பாள் அருள்நாயகி. "நான்தான் என்ரை சோலால துடைச்சுவிட்டனான். மாப்பிள்ளை மாதிரி இருந்தார்."

எமெர்ஜென்சி வாசலில் நேர்ஸ் கேட்டிருக்கிறாள், இண்டைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று. வேதக் கோயில் நிலவறையில் நடந்த இங்கிலீசு வகுப்பில் இவனுக்கு முதல் பாடத்திலேயே அதற்குப் பதில் படிப்பித்திருந்தார்கள். நிமிர்ந்து நின்று, நல்லாயிருக்கிறேன், நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். பிறகுதான் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். நோவு பெரிதா சிறிதா என்று அவள் கேட்க, சிறிது என்று விரலால் காட்டினான். அருள்நாயகிக்குப் பாசை தெரியாது. பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருக்கச் சொன்னார்கள். இருந்தார்கள். பைஜாமாவோடு வந்தவன் உள்ளே போனான். ஒரு செருப்போடு கத்திக்கொண்டு வந்த கிழவி உள்ளே போனாள். பீர் மணக்க மண்டை உடைந்து வந்தவன் உள்ளே போனான். இவன் சேட்டு கசங்கிவிடும் என்று கதிரையில் சாயாமல் நேராய் இருந்தான். பொழுது படுகிற நேரம், "அருள், கண் இருட்டுது" என்று சொல்லிக்கொண்டு அவளுடைய மடியில் சரிந்தான். அதற்குப் பிறகு ஓடினார்கள், எல்லாரும் ஓடினார்கள். அந்தச் சேட்டைக் கத்தரிக்கோலால் நடுவால் வெட்டிப்போட்டு நெஞ்சை அமத்தினார்கள். வயிற்றுக்குள் புண் வெடித்து, காலையிலிருந்தே இரத்தம் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததாம். இக்னேசியஸ் எழும்பவில்லை.

செத்தவீட்டுக்குப் பிறகு எங்கள் தமிழ்ச் சங்கத்து அல்பேட் வந்தான். அல்பேட்டுக்கு வாயும் உண்டு, டையும் உண்டு, அடுத்த தேர்தலில் நிற்கிற எண்ணமும் உண்டு. இக்னேசியஸின் அக்கா வேரோனிக்காவும் கூட வந்தாள். அவள் பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போய்விட்டவள், வங்கியில் வேலை, ஆங்கிலம் தண்ணிபட்ட பாடு. தம்பி இருந்தபோது வருசத்துக்கு ஒருதரம் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து போவாள். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் வந்தாள்.

"நகரசபையில ஒரு குழு போட்டிருக்கினம்" என்றான் அல்பேட். "ஆஸ்பத்திரிகளில சனத்தை எடுக்காமல் காக்க வைக்கிறது, ஃபமிலி டொக்டர் கிடைக்காதது, எல்லாம் விசாரிக்கப் போகினம். ஆஸ்பத்திரி ஆக்களும் வந்து பதில் சொல்லவேணும். நீங்கள் வந்து கதைக்கவேணும் தங்கச்சி."

"எனக்குச் சபையில கதைக்கத் தெரியாது அண்ணை."

"மூர்த்தியண்ணை சொல்லுவார்" என்று என்னைக் கையைக் காட்டினான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் காரும் வைத்திருந்தேன், ஆங்கிலமும் கொஞ்சம் வைத்திருந்தேன். இந்த இரண்டும் வைத்திருக்கிறவனை நம்முடைய சனம் ஒருநாளும் கேட்பதில்லை.

"கதைக்கத்தான் வேணும்" என்றாள் வேரோனிக்கா. "என்ரை தம்பியைச் சாக்காட்டிப்போட்டு உவை சும்மா இருக்கிறதோ?"

அருள்நாயகி எழும்பிப் போய் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குக் காசு வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஏன் அந்தாளைக் கதிரையில இருத்தி வச்சனீங்கள் எண்டு கேக்கவேணும். பிழை எங்கட எண்டு அவையின்ரை வாயால ஒருக்காச் சொல்லவேணும். அது போதும்."

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த ஒரு கேள்விதான் சாப்பாடும் நித்திரையும். ஹோட்டல் லோண்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பகல் முழுவதும் மற்றவர்களுடைய படுக்கைத் துணியை மடித்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரி பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்த அந்த வெட்டுப்பட்ட சேட்டை எடுத்துவைத்துக்கொண்டு இருப்பாள். தானே அதைப் பொருத்தித் தைத்தாள். தோய்த்து அயன் பண்ணினாள். புனிதவதி ஏன் என்று கேட்டாள்.

"சபைக்குக் கொண்டுபோகப் போறன் அக்கா. அகதி ஆக்கள், ஊத்தை ஆக்கள் எண்டு நினைச்சுத்தான் அவரை உள்ளை எடுக்காமல் விட்டவை. எவ்வளவு துப்புரவா வந்த மனுசன் எண்டு அவை பாக்கட்டும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது?

சித்திரை மாதம், சினோ கரைந்து ரோட்டெல்லாம் சேறாய்க் கிடந்த ஒரு பின்னேரம் நகரசபைக்குப் போனோம். அரைவட்ட மேசை, அதற்குப் பின்னால் கவுன்சிலர்மார். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் தலைவி. எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் டொக்டர் கிடைக்காத கதைதான் சொன்னார்கள். ஒரு இத்தாலிக் கிழவர் அழுதார். தலைவி நல்ல மனுசி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

எங்கள் முறை வந்தது. அருள்நாயகி கேட்டாள், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் இருத்தி வைத்தீர்கள்? அவர் அழுக்கானவர் என்றா? பிறகு பையிலிருந்து சேட்டை எடுத்து மேசையில் விரித்து, தையலைக் கையால் நீவினாள்.

தலைவி முன்னால் குனிந்து, மிகவும் அன்பாக, ஆஸ்பத்திரிக்கு வரமுன்னர் அவர் குளித்தாரா என்று கேட்டாள்.

"ஓம்!" அருள்நாயகியின் முகம் அன்றுதான் முதல்தரம் வெளித்தது. "நான்தான் முழுக வாத்தனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை. சவர்க்காரம் போட்டு, சேவ் எடுத்து, பவுடர் போட்டு விட்டனான். சத்தி எடுத்த உடுப்பெல்லாம் நான் கழுவிப்போட்டுத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். ஒரு பொட்டு ஊத்தை அவரிலை இல்லை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். சத்தி என்ற இடத்தில், ஆஸ்பத்திரியின் சார்பில் பதில் சொல்ல வந்திருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட, களைத்த முகமுள்ள பெண். முதலில் உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். வாசலில் நிற்கிற நேர்ஸ் ஆளைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறாள். உள்ளே இரத்தம் போகிறவர்கள் கூனிக்கொண்டு, வெயர்த்து, சத்தி பட்ட உடுப்போடு வருவார்கள். இவர் நடந்து வந்தார். தலை ஈரம், முகம் வழித்திருந்தது, பவுடரில் முகத்தின் வெளிறலும் வெயர்வையும் தெரியவில்லை, சவர்க்காரம் மணந்தது. நல்லாயிருக்கிறேன் என்றார். சத்தியைப் பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறோம். வீட்டில் இருந்த கோலத்திலேயே வந்திருந்தால் அவர் நேரே உள்ளே போயிருப்பார்.

தலைவி என்னைப் பார்த்தாள், அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள் என்று.

"என்ன அண்ணை சொல்லுறா? பிழை எண்டு சொல்லுறாவோ?"

"கவலையாக்கிடக்காம் தங்கச்சி" என்றேன். "வருத்தம் கடுமை எண்டு நேர்ஸுக்குத் தெரியேல்லையாம்."

"அதுக்குப் பிறகு கனக்கச் சொன்னாவே?"

"அவ்வளவுதான் பிள்ளை. வா, போவம்."

"ஏன் மறைக்கிறியள் மூர்த்தியண்ணை?" பின்வரிசையிலிருந்து வேரோனிக்கா எழும்பினாள். முகம் வெந்துபோய் இருந்தது. "முழுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன். இஞ்ச பார் அருள், நீ முழுக வாத்ததாலதான் அவன் செத்தவனாம். சத்தியைக் கழுவினதாலதானாம். பவுடரைப் பூசி வருத்தத்தை மறைச்சுப்போட்டாய். வீட்டில கிடந்த கோலத்தில கொண்டு வந்திருந்தா அவனை உடன எடுத்திருப்பினமாம். பிரேதத்தைக் குளிப்பாட்டுற மாதிரிக் குளிப்பாட்டி, உடுப்பும் போட்டு அனுப்பியிருக்கிறாய் என்ரை தம்பியை!"

பாவி! அந்த வாயைப் பொத்த அங்கே ஒருவரும் இல்லை. அல்பேட் டையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

அருள்நாயகி அழவில்லை. மேசையில் கிடந்த சேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் தண்ணி வாக்காட்டி?" என்று என்னைக் கேட்டாள். நான் சேட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவளுடைய நேரம் முடிந்ததென்று மணி ஒன்று அடித்தது. அடுத்ததாய் வந்தவர் ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தக் காசு கூட என்று முறைப்பாடு சொல்லத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரிகள் மாகாண அரசின் கீழ் வருவதால் நகரசபையால் ஒன்றும் செய்ய ஏலாதாம். அதைத் தலைவி முடிவில்தான் சொன்னாள். ஃபமிலி டொக்டர்மாரைக் கூட்டித் தரச்சொல்லி மந்திரிக்கு எழுதுவார்களாம். தமிழில் ஒரு அறிவித்தலும் அடிப்பார்களாம். மந்திரி பதில் எழுதினாரோ தெரியாது. அறிவித்தல் மட்டும் ஆனி மாதமே வந்துவிட்டது, அல்பேட்டின் தமிழில்: 'அவசர சிகிச்சை நாடுவோர் நீராடி, ஒப்பனை செய்து காலம் தாழ்த்த வேண்டாம்.' மீன்கடையில், நகைக்கடையில், கோயில் வாசலில், எங்கள் பில்டிங் லிஃப்டில் எல்லாம் ஒட்டினார்கள். கீழே அல்பேட்டின் பெயரும் இருந்தது. அருள்நாயகி வேலைக்குப் போக ஒருதரம், வர ஒருதரம் லிஃப்டில் நின்று அதை வாசித்தாள். நான் ஒருநாள் கிழித்தெறிந்தேன். அடுத்த நாள் புதிது ஒட்டியிருந்தார்கள்.

வேரோனிக்கா கோயிலெல்லாம் கதையைப் பரப்பிவிட்டாள். பூசையில் அருள்நாயகி போய் இருந்த வாங்குப் பலகையில் மற்றப் பெண்கள் தள்ளி இருந்தார்கள். பிறகு அவள் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை, நான் ஓய்வு நாளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, கதவில் படபடவென்று அடி. திறந்தால் அருள்நாயகி, தோளில் நடாஷா. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது, நெஞ்சு குழிவிழுந்து போனது. இரவுச் சட்டையெல்லாம் சத்தி. தலை பரட்டை, மூக்கு ஒழுகிக் காய்ந்திருந்தது, ஒரு காலில் மட்டும் சப்பாத்து. இரண்டு மூன்று நாளாகக் காய்ச்சலாம். பிள்ளையில் புளித்த மணம் அடித்தது.

புனிதவதி ஈரத்துணியோடு ஓடிவந்து பிள்ளையின் வாயைத் துடைக்கப் போனாள். அருள்நாயகி அவளுடைய கையைத் தட்டிவிட்டாள்.

"துடையாதேங்கோ!"

"வாயை மட்டும் எண்டாலும் துடைப்பம் பிள்ளை, பாவம்."

"துடைச்சா என்ரை பிள்ளையைச் சாக்கொல்லுறதுக்குச் சரி! தொடாதேங்கோ!"

"அம்மா, ஸ்மெல் பண்ணுது. வைப் பண்ணுங்கோ, துடையுங்கோ அம்மா" என்று பிள்ளை இழுப்புக்கு நடுவில் முனகியது. தாய் அதன் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காரை எப்படி ஓட்டினேனோ தெரியாது. அதே ஆஸ்பத்திரி, அதே வாசல். நேர்ஸ் பிள்ளையைக் கண்டதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அருள்நாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததைச் சந்தோசம் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. ஆனால் சந்தோசம்தான்.

"பாத்தியளே அண்ணை? உடன எடுத்தவை. பாத்தியளே?"

மத்தியானத்துக்குள் பிள்ளைக்கு மூச்சு சீராகிவிட்டது. அப்பாடா என்று நான் கோப்பி வாங்கப் போனேன். வந்து பார்த்தால், சிறுவர் நலப் பகுதியிலிருந்து ஒரு பெண் அருள்நாயகிக்கு முன்னால் இருந்தாள், மடியில் எழுதுகிற கொப்பி. இளம்பெண், நல்ல சிரிப்பு. நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா என்று என்னைக் கேட்டாள். பிள்ளையை ஏன் இந்தக் கோலத்தில் வைத்திருந்தீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

"ஆஸ்பத்திரிக்கு இப்பிடித்தான் வரவேணும் எண்டு சொல்லுங்கோ" என்றாள் அருள்நாயகி. "இவைதானே சொன்னவை. லிஃப்டிலயும் ஒட்டிக்கிடக்கு."

நான் தகப்பனுடைய கதையிலிருந்து தொடங்கினேன். அந்தப் பெண் கையை உயர்த்தி, அம்மா சொன்னதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். பிள்ளையிடம் ஏற்கெனவே கதைத்துவிட்டாளாம். பிள்ளை ஆங்கிலத்தில் நன்றாய்ச் சொன்னதாம்: எனக்கு வருத்தம் வந்தால் அம்மா என்னைக் கழுவ மாட்டா. கழுவினால் நான் செத்துவிடுவேன். அம்மா அப்பாவைக் கழுவினவ, அப்பா செத்துவிட்டார்.

நான் மேலே ஏதோ சொல்ல வாயெடுக்கக் கதவு திறந்தது. காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே நேர்ஸ், நடாஷாவைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டியிருந்தாள். ஈரத் தலையை வகிடு பிரித்து இரண்டாய்ப் பின்னி, வெள்ளைக் கவுன் ஒன்று போட்டுவிட்டிருந்தாள். சவர்க்காரம் மணந்தது.

"அம்மா, ஐ ஆம் ஃபைன்" என்று பிள்ளை சிரித்தது.

அருள்நாயகி போட்ட கூச்சல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பாய்ந்து போய்ப் பிள்ளையைப் பறித்து, பின்னிய தலையை இரண்டு கையாலும் பிய்த்துக் கலைத்தாள். கவுனைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். தன் கண்ணீரையும் மூக்குச்சளியையும் வழித்துப் பிள்ளையின் முகத்தில் பூசினாள். பிள்ளை வீரிட்டது. காவலாளிகள் இரண்டு பேர் வந்து அவளுடைய கையைப் பின்னால் பிடித்தார்கள். நேர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனாள்.

"அவ என்ன சொல்லிக் கத்துகிறா?" என்று அந்த இளம்பெண் என்னைக் கேட்டாள். "அவ சொல்வதை அப்படியே சொல்லுங்கள்."

நான் அப்படியே சொன்னேன். "என் பிள்ளையைச் சுத்தமாக்கிப் போட்டார்கள். இனி இதை ஆர் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கிறா."

அவள் தலையை ஆட்டி, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். பிள்ளையை அன்று சிறுவர் நலப் பகுதியார் எங்களோடு விடவில்லை.